இரண்டு ஆண்ட்ராய்டு போன்களில் எதை எடுப்பது? பழைய போனைக் கேட்டுப் பாருங்கள்

"டேய், ரெண்டு போன் பாத்து வெச்சிருக்கேன். ரெண்டுமே நல்லா இருக்குங்கிறாங்க. எதை எடுக்கிறதுன்னு நீயே சொல்லிடு" என்றாள் அக்கா. ஒன்று கூகுளின் பிக்சல் 8ஏ, இன்னொன்று சாம்சங்கின் கேலக்ஸி ஏ55. இரண்டும் 2024இல் வந்தவை.

"அது இருக்கட்டும்க்கா. இப்ப கையில இருக்கிற போன்ல உனக்கு என்ன கஷ்டம்? அதச் சொல்லு மொதல்ல."

கொஞ்சம் யோசித்தாள். "ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் சார்ஜ் போயிடுது. போட்டோ எடுக்கப் போனா இடமில்லைங்குது. எதையாச்சும் அழிச்சாத்தான் அடுத்தது எடுக்க முடியுது. வேற ஒண்ணும் பெரிசா இல்ல."

எத்தனை மெகாபிக்சல், எந்த ப்ராசசர் (போனின் மூளையான சிப்) என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. ஆனால் ஒரு வாரமாக அவள் பார்த்துக்கொண்டிருந்த வீடியோக்களில் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். முதன்முறையாகத் தானே தேர்ந்தெடுத்து போன் மாற்றுகிற பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். புதிய போன்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறோம், மூன்று நான்கு வருடம் நம்மோடு உழைத்த பழைய போனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு போன் எந்த இடத்தில் தேயும், எது கடைசிவரை தாங்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இன்று வாங்கப்போகும் போனுக்கும் மூன்றாவது வருடம் வரும். அந்த வருடத்தை எது நன்றாகத் தாண்டும் என்று பார்த்து எடுப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: ஒரு வாரம் குறித்துக்கொள்ளுங்கள்

புதிய போனைப் பற்றி எதையும் படிக்காமல், ஒரு வாரம் பழைய போன் உங்களைக் கடுப்பேற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதி வையுங்கள். "வெயிலில் திரை தெரியவில்லை", "கைரேகை மூன்று தடவை வைத்தும் திறக்கவில்லை", "பேசும்போது எதிரில் இருப்பவருக்குக் கேட்கவில்லை" என்று சாதாரணமாக எழுதினால் போதும். கூடவே இரண்டு எண்களைக் குறியுங்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தில் இப்போது எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்பது ஒன்று. பேட்டரி பக்கத்தில் ஒரு நாளைக்குத் திரை எத்தனை மணி நேரம் ஒளிர்கிறது என்பது இன்னொன்று. பின்னால் இந்த இரண்டும் மிகவும் உதவும்.

வாரக் கடைசியில் பட்டியலைப் பார்த்தால் சிலருக்குப் போன் மாற்றவே தேவையில்லை என்று தெரியவரும். குறையெல்லாம் சார்ஜ் நிற்காததுதான், பாதுகாப்பு அப்டேட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்றால், பேட்டரியை மட்டும் சர்வீஸ் சென்டரில் மாற்றிக்கொண்டு இன்னும் ஒன்றிரண்டு வருடம் ஓட்டலாம். அப்டேட் நின்றுபோய்விட்டது, அல்லது வங்கி ஆப் "இந்த ஆண்ட்ராய்டு பதிப்பில் இயங்காது" என்கிறது என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

படி 2: எந்த மாடல் என்று துல்லியமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். கேலக்ஸி எஸ்24 பெரும்பாலான நாடுகளில் எக்ஸினோஸ் 2400 சிப்போடு விற்கப்பட்டது. அமெரிக்கா, கனடா போன்ற இடங்களில் அதே எஸ்24 ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 சிப்போடு வந்தது. அங்கே எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே வாங்கினால் நீங்கள் பார்த்த போன் வேறு, வாங்கிய போன் வேறு. சில போன்களில் பேட்டரி அளவும் நாட்டுக்கு நாடு மாறும். கடைசியில் "5ஜி", "ப்ளஸ்", "ப்ரோ", "லைட்", "எஃப்இ" என்று ஒட்டிக்கொண்டிருக்கும் சொற்களை அலட்சியம் செய்யாதீர்கள். "லைட்" என்று ஒன்று சேர்ந்தாலே சிப், திரை, கேமரா எல்லாமே மாறியிருக்கக்கூடும்.

எனவே நீங்கள் வாங்கப்போகும் இடத்தில் கிடைக்கும் மாடல் எண்ணை, எழுத்தும் இலக்கமும் உட்பட, முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள். ரேம் (ஆப்கள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) எவ்வளவு, ஸ்டோரேஜ் எவ்வளவு என்பதும் அதோடு சேரவேண்டும். இனிமேல் எதைப் படித்தாலும் பார்த்தாலும் அது இந்த மாடலைப் பற்றியதா என்று முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் அடித்துவிடுங்கள்

இந்தப் படியைச் சொன்னதும் அக்காவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஒரு தாளில் இரண்டு போன்களின் விவரங்களையும் எழுதி, பொதுவாக இருப்பவற்றின் மேல் கோடு போட்டோம். இரண்டுக்கும் ஓஎல்இடி திரை (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை), 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை திரை புதுப்பிக்கப்படும்). இரண்டும் ஐபி67 (தூசி, தண்ணீர் தாங்கும் அளவு). இரண்டும் ஆண்ட்ராய்டு 14ஓடு வந்தவை. ஆரம்ப மாடலில் இரண்டுக்கும் 8 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ். டைப்-சி, என்எஃப்சி (போனை அருகில் காட்டிப் பணம் செலுத்த உதவுவது) எல்லாம் இரண்டிலும் உண்டு. பாதித் தாள் காலியாகிவிட்டது.

மிஞ்சியவை இவைதான். பிக்சலின் திரை 6.1 அங்குலம், கேலக்ஸியுடையது 6.6. எடை 188 கிராம், 213 கிராம். பேட்டரியின் கொள்ளளவு 4492 எம்ஏஎச், 5000 எம்ஏஎச். பிக்சல் வயரில் 18 வாட் வரை சார்ஜ் ஆகும், வயர் இல்லாமலும் மெதுவாக ஆகும். கேலக்ஸி 25 வாட் வரை ஆகும், வயர்லெஸ் கிடையாது. பிக்சலில் மெமரி கார்டு போட முடியாது. கேலக்ஸியில் முடியும், ஆனால் இரண்டாவது சிம் போடும் இடத்தில்தான் அந்தக் கார்டும் உட்காரவேண்டும். பிக்சலுக்கு 7 வருடம் அப்டேட். கேலக்ஸிக்கு 4 ஆண்ட்ராய்டு பதிப்புகளும் 5 வருடப் பாதுகாப்பு அப்டேட்டும். பின்பக்கம் பிக்சலில் பிளாஸ்டிக், கேலக்ஸியில் கண்ணாடி. அப்புறம் கேமரா.

நாற்பது வரி எட்டு வரியானது. இந்த எட்டை மட்டும் முதல் படியில் எழுதிய குறைகளோடு சேர்த்துப் பாருங்கள். உங்கள் குறைப் பட்டியலில் இல்லாத ஒரு விஷயத்தில் ஒரு போன் மேலே நின்றால், அதற்காக மனதை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

படி 4: அப்டேட் எந்தத் தேதி வரை என்று கணக்குப் போடுங்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆண்ட்ராய்டு போனுக்கு இரண்டு வகை அப்டேட் வரும். ஆண்ட்ராய்டு 14 போய் 15, 16 என்று பதிப்பு மாறுவது ஒரு வகை. கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அவ்வப்போது அடைக்கும் பாதுகாப்பு பேட்ச் இன்னொரு வகை. முதலாவது நின்றாலும் சமாளிக்கலாம். இரண்டாவது நின்ற போனில் பணப் பரிமாற்றம் செய்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

கூகுள் 2023இல் பிக்சல் 8 வரிசைக்கு 7 வருடம் என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் எஸ்24 வரிசைக்கு சாம்சங்கும் 7 என்றது. ஆனால் எல்லா போன்களுக்கும் இது பொருந்தாது. ஒரே நிறுவனத்தின் வேறு வரிசைகளுக்கு 4, 5, 6 என்று மாறும், சிலவற்றுக்கு இரண்டு மூன்று வருடத்தோடு முடிந்துவிடும். நிறுவனத்தின் பெயரை நம்பாமல் அந்த மாடலுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று அவர்களுடைய தளத்திலேயே பாருங்கள்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. இந்த வருடக் கணக்கு பொதுவாகப் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். நீங்கள் வாங்கிய நாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிக்சல் 8ஏ வந்தது 2024 மே மாதம். 7 வருடம் என்றால் 2031 மே. அதை யாராவது 2026 மே மாதம் வாங்கினால் அவர்களுக்குக் கிடைப்பது 5 வருடம்தான். விலை இறங்கியதே என்று இரண்டு வருடம் பழைய மாடலை எடுக்கும்போது இந்தக் கழித்தல் கணக்கை அவசியம் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, நீங்கள் ஒரு போனை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்று உங்களையே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அக்கா நான்கு வருடத்துக்கு மேல் வைத்திருந்ததில்லை. அவளுக்கு 5 வருடப் பாதுகாப்பு போதும், மிச்சம் 2 வருடம் இருந்தும் பயனில்லை. நான் ஆறு வருடம் ஓட்டுகிறவன், எனக்கு அந்த 7 கட்டாயம் வேண்டும். நீங்கள் விட்டபின் வீட்டில் வேறொருவர் பயன்படுத்துவார் என்றால் அந்த வருடங்களையும் சேர்த்தே எண்ணுங்கள்.

படி 5: ஸ்டோரேஜ், ரேம்

இந்தப் பாடத்தை நான் செலவு செய்துதான் கற்றேன். பெயர் சொல்லவேண்டாம், ஒரு போனை அதன் கேமரா எண்ணைப் பார்த்து மயங்கி வாங்கினேன். 64 ஜிபி ஸ்டோரேஜ், அதுவும் இஎம்எம்சி என்னும் பழைய, மெதுவான வகை. முதல் வருடம் எந்தக் குறையும் இல்லை. மூன்றாம் வருடம், குழந்தை முதல் முறையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கேமரா ஆப்பை அழுத்தினேன். கறுப்புத் திரை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு நொடி. கேமரா திறந்தபோது அவள் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை மெகாபிக்சல் இருந்தும் அந்தப் படம் என்னிடம் இல்லை.

காரணம் இதுதான். இஎம்எம்சி ஸ்டோரேஜில் ஒரு நேரத்தில் ஒன்று படிக்கலாம் அல்லது எழுதலாம், இரண்டும் சேர்ந்து நடக்காது. யூஎஃப்எஸ் என்னும் புதிய வகையில் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும். வேகத்திலும் பெரிய வித்தியாசம். இஎம்எம்சி 5.1 நொடிக்குச் சுமார் 250 முதல் 300 எம்பி வரை படிக்கும். யூஎஃப்எஸ் 2.2 ஏறத்தாழ 1000 எம்பி, 3.1 அதைப் போல இரண்டு மடங்கு, 2022இல் சாம்சங் அறிவித்த 4.0 நொடிக்கு 4200 எம்பி. இதெல்லாம் அதிகபட்ச எண்கள்தான். இருந்தாலும் ஸ்டோரேஜ் முக்கால்வாசி நிரம்பி, ஆப்கள் வருடா வருடம் பெருத்துக்கொண்டே வரும்போது இஎம்எம்சி போன்தான் முதலில் திணறும். உங்கள் இரண்டில் ஒன்று இஎம்எம்சி, மற்றது யூஎஃப்எஸ் என்றால், வேறு எதையும் பார்க்காமல் யூஎஃப்எஸ் உள்ளதை எடுங்கள் என்பேன்.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு. முதல் படியில் குறித்த நிரம்பிய இடத்தை இரண்டால் பெருக்குங்கள். இப்போது 70 ஜிபி நிரம்பியிருந்தால் 140 வரும், அப்படியானால் 128 போதாது, 256க்குப் போங்கள். போனில் எழுதியிருக்கும் 128இல் ஒரு பெரிய பங்கை ஆண்ட்ராய்டும் கூடவே வந்த ஆப்களும் எடுத்துக்கொள்ளும் என்பதையும் மறக்கவேண்டாம். மெமரி கார்டு இருக்கிறதே என்றால், படங்களும் வீடியோவும் வைக்க அது நல்லது, ஆப்களின் வேகத்துக்கு அது உதவாது.

ரேமில் ஒரு எச்சரிக்கை. "8 ஜிபி + 8 ஜிபி, மொத்தம் 16 ஜிபி" என்று பெட்டியில் போட்டிருந்தால் அதில் பாதிதான் நிஜமான ரேம். மற்ற பாதி ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது, வேகம் ரேமின் அருகில்கூட வராது. ஒப்பிடும்போது முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று புதிதாக வாங்குகிறவர்களுக்கு 8 ஜிபி நிஜ ரேம் இருந்தால் நிம்மதி.

படி 6: சிப்

பெரிய கேம் விளையாடுகிறவர்கள், வீடியோ எடிட் செய்கிறவர்கள் தவிர மற்றவர்கள் இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருந்தால் போதும். எண் பெரிதானால் வேகம் அதிகம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 2023 மார்ச்சில் வந்த ஸ்னாப்டிராகன் 7 ப்ளஸ் ஜென் 2, அதே வருடம் நவம்பரில் வந்த 7 ஜென் 3ஐவிட வலுவானது. வேகத்தைவிடச் சூடு முக்கியம். ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1ஐ சாம்சங்கின் ஆலையில் தயாரித்தபோது அது சூடாவதாகப் பரவலாகக் குறை சொன்னார்கள். 2022இல் 8 ப்ளஸ் ஜென் 1ஐத் தைவானின் டிஎஸ்எம்சி ஆலைக்கு மாற்றியதும் சூடும் குறைந்தது, பேட்டரியும் கூடுதலாக நின்றது. சோதனை வீடியோக்களில் முதல் நிமிட வேகத்தைப் பார்க்காமல் இருபதாவது நிமிடத்தில் எவ்வளவு வேகம் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள்.

படி 7: பேட்டரியும் சார்ஜும்

எம்ஏஎச் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பெரிய திரை அதிகம் குடிக்கும், சிப்பும் சிக்னலும் அவற்றின் பங்குக்குக் குடிக்கும். முதல் படியில் குறித்த திரை நேரம் இங்கே பயன்படும். இரண்டு போன்களுக்கும் ஒரே ஆள், ஒரே முறையில் செய்த பேட்டரிச் சோதனையைத் தேடிப் பாருங்கள். உங்கள் திரை நேரம் 6 மணி என்றால், சோதனையில் 8 மணியாவது தாங்கும் போனை எடுங்கள். பேட்டரி தேயத் தேய அந்த 8 மெல்ல இறங்கி 6ஐ நோக்கி வரும்.

தேய்மானத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள இப்போது ஒரு நல்ல வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு ஒரு லேபிள் கட்டாயம். ஒரு முறை சார்ஜ் செய்தால் எத்தனை மணி நேரம் வரும், 80 சதவீதத்துக்கு இறங்குவதற்குள் பேட்டரி எத்தனை சுற்று தாங்கும், கீழே விழுந்தால் தாங்குமா, பழுது பார்ப்பது எளிதா என்பதெல்லாம் அதில் இருக்கும். பொதுவான விதி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் மிஞ்சவேண்டும் என்பது. ஒரு சுற்று என்பது மொத்தம் 100 சதவீதம் செலவாவது. இன்று 50, நாளை 50 என்றால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. தினமும் ஒரு சுற்று என்றால் 800 என்பது இரண்டு வருடத்துக்குச் சற்று மேல். அந்த லேபிள் தகவல்கள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. நீங்கள் எங்கே இருந்தாலும், உங்கள் மாடல் அங்கேயும் விற்கப்படுகிறதென்றால் பார்த்துக்கொள்ளலாம். பேட்டரி அளவு இரண்டு இடத்திலும் ஒன்றுதானா என்று மட்டும் உறுதிசெய்யுங்கள்.

சார்ஜரைப் பொறுத்தவரை, பெட்டிக்குள் அது இருக்கிறதா, வீட்டில் ஏற்கனவே இருப்பது முழு வேகத்தில் ஏற்றுமா என்ற இரண்டு கேள்வி போதும். சில நிறுவனங்களின் 80, 100 வாட் வேகம் அவர்களுடைய சொந்தச் சார்ஜரிலும் கேபிளிலும் மட்டுமே கிடைக்கும்.

படி 8: கேமரா

மெகாபிக்சலை முதலில் மறந்துவிடுங்கள். 50 மெகாபிக்சல் கேமரா சாதாரணமாக எடுப்பது 12.5 மெகாபிக்சல் படம்தான், நான்கு நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துவிடும். 200 மெகாபிக்சல் கேமரா பதினாறைச் சேர்த்து அதே 12.5ஐத்தான் தரும். சென்சார் எவ்வளவு பெரியது, ஓஐஎஸ் என்னும் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி உண்டா, படத்தை மெருகேற்றும் மென்பொருள் எப்படி என்பவைதான் படத்தைத் தீர்மானிக்கும். 2 மெகாபிக்சல் மேக்ரோ (மிக அருகில் எடுக்க), டெப்த் (பின்னணியை மங்கலாக்க) என்று சேர்த்து "நான்கு கேமரா" என்றால், உருப்படியானவை எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

சோதனை இப்படிச் செய்யுங்கள். வெயிலில் பூவை எடுத்தால் எந்தப் போனிலும் அழகாகத்தான் வரும். அக்காவோடு கடைக்குப் போனபோது அவள் மகனையும் கூட்டிப்போனோம். வெளிச்சம் மங்கலாக இருந்த ஒரு மூலையில் அவனை இங்கும் அங்கும் ஓடச்சொல்லி, இரண்டு போனிலும் பத்துப் பத்துப் படம் எடுத்தோம். பிறகு ஒவ்வொன்றையும் பெரிதாக்கி அவன் கண்களைப் பார்த்தோம். பிக்சலில் பத்துக்கு ஏழு படங்களில் இமை தெளிவாக இருந்தது. கேலக்ஸியில் நான்கு. இதை மற்ற எல்லாப் போனுக்கும் விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நாங்கள் அன்று அங்கே பார்த்தது அவ்வளவுதான். ஆனால் எந்த இரண்டு போன்களையும் பிரித்துக் காட்டும் சோதனை இதுதான். மங்கலான வெளிச்சம், அசையும் ஆள், பத்துப் படம். கூடவே அரை நிமிடம் நடந்துகொண்டே ஒரு வீடியோ எடுத்து, ஆட்டத்தையும் குரலையும் பாருங்கள்.

படி 9: கையில் பிடித்துப் பாருங்கள்

திரையைப் பற்றி எழுத நிறைய இருந்தாலும் கையில் எடுத்தால் பெரும்பாலானது புரிந்துவிடும். வாசல்வரை கொண்டுபோய் வெயிலில் படித்துப் பாருங்கள். வெளிச்சத்தை மிகக் குறைத்துவிட்டு ஒரு நிமிடம் படியுங்கள். ஓஎல்இடி திரைகள் பல, வெளிச்சத்தைக் குறைக்க வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன, சிலருக்கு அதில் கண் வலிக்கும், தலை வலிக்கும். அப்படி வந்தால் அந்தப் போன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

எழுத்தின் அளவைப் பெரிதாக்கிப் பாருங்கள். தமிழ்க் கீபோர்டைத் திறந்து இரண்டு வரி அடியுங்கள். ஒரு கையால் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை மேல் மூலைவரை நீட்டிப் பாருங்கள். காதில் வைத்துப் பேசுங்கள். இரவில் படுத்துக்கொண்டு படிக்கிறவர் என்றால் 188 கிராமுக்கும் 213 கிராமுக்கும் உள்ள வித்தியாசம் மணிக்கட்டுக்குத் தெரியும்.

படி 10: சின்ன விஷயங்கள், ஆனால் மாட்டிக்கொண்டால் பெரியவை

உங்கள் நெட்வொர்க்கின் அலைவரிசைகளை அந்த மாடல் எடுக்குமா, வோல்ட்இ (4ஜி வழியாகவே அழைப்பு பேசும் வசதி) வேலை செய்யுமா என்று கேளுங்கள். பல நாடுகளில் 3ஜி நிறுத்தப்பட்டுவிட்டது, இந்த வசதி இல்லாத போனில் அங்கே டேட்டா ஓடினாலும் அழைப்பு போகாமல் நிற்கலாம். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் போன்களில் இந்தச் சிக்கல் அதிகம். இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம்) வேண்டுமா, என்எஃப்சி வேண்டுமா, ஹெட்போன் துளை வேண்டுமா என்பதைப் பட்டியலோடு ஒத்துப்பாருங்கள்.

தண்ணீர் பாதுகாப்பில் ஐபி54 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். அதுவும் நல்ல தண்ணீரில், போன் புதிதாக இருக்கும்போது. கடல் நீரும் நீச்சல் குளத்து நீரும் இந்தக் கணக்கில் வராது.

பழுது பற்றியும் இப்போதே விசாரியுங்கள். இரண்டு போன்களுக்கும் திரை மாற்ற எவ்வளவு ஆகும், பேட்டரி மாற்ற எவ்வளவு, சர்வீஸ் சென்டர் நீங்கள் போய்வரும் தூரத்தில் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திரை மாற்றும் செலவு போன் விலையில் பாதியைத் தொடுகிற மாடல்களும் இருக்கின்றன.

விமர்சனம் படிப்பதானால் போன் வந்த வாரத்தில் எழுதியதை விடுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் பயன்படுத்தியவர்கள் எழுதியதைத் தேடுங்கள். பலர் ஒரே குறையைச் சொன்னால், "திரையில் பச்சைக் கோடு", "அப்டேட்டுக்குப் பிறகு சார்ஜ் நிற்கவில்லை" என்பது மாதிரி, அதை நம்பலாம்.

படி 11: முடிவு

அக்கா கேலக்ஸியை எடுத்தாள். நான் பிக்சல் பக்கம் இருந்தேன், கேமராவும் 7 வருடமும் எனக்கு இழுப்பு. ஆனால் அவள் பட்டியலில் இருந்தவை சார்ஜும் இடமும். பெரிய பேட்டரி, மெமரி கார்டு, நான்கு வருடத்துக்குப் போதுமான பாதுகாப்பு, கண்ணாடி போடாமலே படிக்க முடிகிற திரை. அவளுக்கு இரண்டாவது சிம் கிடையாது, அதனால் கார்டு போடுவதில் இழப்பும் இல்லை. "நீ சொன்னத வெச்சுத்தானேடா இதுக்கு வந்தேன், இப்ப நீயே முகத்தைச் சுளிக்கிற" என்றாள். அவள் சொன்னது சரி. வாங்குகிறவருடைய குறைதான் கணக்கு, சொல்லிக்கொடுக்கிறவருடைய ஆசையைச் சேர்க்கக் கூடாது.

எல்லாம் பார்த்தபிறகும் இரண்டும் சமமாக நின்றால், பாதுகாப்பு அப்டேட் நீண்ட நாள் வருகிறதை எடுங்கள். அதிலும் சமம் என்றால் ஸ்டோரேஜ் அதிகமுள்ளதை.

படி 12: வாங்கிய பிறகு

திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டுக்கொண்டு, அந்த நாட்களுக்குள் போனைக் கடுமையாகப் பயன்படுத்துங்கள். முதல் நாளே அழைப்பு, வைஃபை, புளூடூத், இரண்டு ஸ்பீக்கர், கைரேகை, எல்லாக் கேமராவும் சோதித்துவிடுங்கள். *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போகவேண்டும். கிடைக்கும் அப்டேட்டுகளையெல்லாம் ஏற்றிவிட்டு, செட்டிங்ஸில் பாதுகாப்பு பேட்ச் தேதி எந்த மாதம் என்று பாருங்கள்.

தகவல்களை மாற்றும்போது படங்களும் தொடர்புகளும் தாமாக வந்துவிடும். சிக்கல் வருவது வேறு மூன்று இடங்களில். வாட்ஸ்அப் உரையாடல்களைப் பழைய போனில் சாட்ஸ் பகுதியில் உள்ள டிரான்ஸ்ஃபர் வசதி மூலம் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து மாற்றலாம், அதை முதலில் முடியுங்கள். கணக்கில் நுழைய பாஸ்வேர்டோடு கேட்கும் இரண்டாவது குறியீட்டைத் தரும் ஆதென்டிகேட்டர் ஆப்பில் உள்ள கணக்குகளைப் பழைய போன் கையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சில கணக்குகளுக்குள் நுழையவே முடியாது. வங்கி ஆப்கள் புதிய போனில் மறுபடி பதிவு கேட்கும், சிம் அந்தப் போனில் இருந்தால்தான் பெரும்பாலும் நடக்கும்.

பழைய போனைக் குறைந்தது இரண்டு வாரம் அப்படியே வைத்திருங்கள். எதுவும் விடுபடவில்லை என்று உறுதியான பிறகே கொடுக்கவோ விற்கவோ செய்யுங்கள். கொடுக்கும் முன், அக்கவுண்ட்ஸ் பக்கத்தில் உங்கள் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, அதன் பிறகு ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது) செய்யுங்கள். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல் திருட்டைத் தடுக்க ஒரு பூட்டு இருக்கிறது. கணக்கை நீக்காமல் சில வழிகளில் ரீசெட் செய்த போன், வாங்கியவரிடம் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, இசிம் இருந்தால் அது புதிய போனுக்கு வந்துவிட்டதா என்று ஒரு அழைப்பு செய்து பார்த்துவிட்டு, அப்புறம் கையை விட்டு அனுப்புங்கள்.